மெட்ரோலாக் 35, லேப் 32: எக்ஸல் போட்ட கோட்டை நம்பலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரெண்டரை ஏக்கர் ரப்பர் இருக்கு, எல்லாம் ஆர்ஆர்ஐஐ 105 ரக மரம். ஷீட் அடிக்கல, பாலாத்தான் கொடுக்கோம். நான் மெட்ரோலாக்ல (பால்ல மெதக்க விட்டு அளக்குற கருவி) பாக்கிற டிஆர்சிய (நூறு கிலோ பால்ல எத்தன கிலோ உலர்ந்த ரப்பர்ங்கற அளவு) விட வாங்குறவங்க லேப்ல வர்ற டிஆர்சி பெரும்பாலும் ரெண்டு மூணு கொறவாத்தான் இருக்கு. பன்னெண்டு தடவை ரெண்டையும் நோட்ல எழுதி வச்சிருந்தேன், மக அத எக்ஸல்ல போட்டு ரிக்ரஷன் கோடு (எல்லா புள்ளிக்கும் நல்லா பொருந்தற நேர்கோடு) போட்டா. லேப் டிஆர்சி = 0.78 × மெட்ரோலாக் + 5.5ன்னு வருது, ஆர் ஸ்கொயர் (கோடு புள்ளிகளோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற மார்க்கு, 1 வந்தா முழுசா) 0.78, நல்ல கோடுதான்னு சொல்லுதா. இனி லேபுக்கு காத்திருக்காம இந்த ஃபார்முலாவ வச்சே கணக்கு பாக்கலாமா? அப்புறம், அவங்க நம்மள ஏமாத்துறாங்களா இல்லையான்னு இதுல தெரியுமா?

பதில்: அண்ணாச்சி, மொதல்ல உங்க மகளுக்கு ஒரு சபாஷ். நோட்ல எழுதி வச்சதே பெரிய விஷயம், நம்ம ஊர்ல பாதிப்பேர் ரசீத கூட வச்சிருக்க மாட்டாங்க. ஆனா ஃபார்முலாவ வச்சு பணக்கணக்கு பாக்கறது இப்ப வேண்டாம், ஏன்னு சொல்றேன்.

நீங்க அனுப்புன பன்னெண்டையும் நானும் போட்டுப் பாத்தேன், மக போட்ட கணக்குல தப்பே இல்ல. ஆனா அந்த எக்ஸல் படத்த பாருங்க, பதினோரு புள்ளி மெட்ரோலாக் 33க்கும் 37க்கும் நடுவுல கும்பலா கெடக்கு, ஒரே ஒரு புள்ளி மட்டும் தூரத்துல தனியா நிக்குது, மெட்ரோலாக் 43, லேப் 40. அது மாசியில இலை உதிர்ந்து ரெஸ்ட் விட்டுட்டு திரும்ப வெட்டுன மொத நாள் பால்னு நோட்லயே எழுதியிருக்கீங்க. ரெஸ்டுக்கு அப்புறம் வர்ற பால் கெட்டியாத்தான் இருக்கும், அந்த ரீடிங் தப்புன்னு நான் சொல்லல. ஆனா அந்த ஒரு புள்ளிய எடுத்துட்டு மிச்சம் பதினொண்ணுக்கு கோடு போட்டா ஆர் ஸ்கொயர் 0.78ல இருந்து 0.25க்கு விழுந்துருது, சரிவும் (மெட்ரோலாக் ஒண்ணு கூடுனா லேப் எவ்வளவு கூடும்ங்கறது) 0.78 இல்ல, 0.4தான். கோடு போடுற முறையே அப்படி, ஒவ்வொரு புள்ளியும் கோட்டுல இருந்து எவ்வளவு விலகியிருக்கோ அத வர்க்கம் எடுத்து கூட்டி, அந்த கூட்டுத்தொகை எங்க கொறவா வருதோ அங்கதான் கோட்ட போடும், அதனால ஓரத்துல தனியா நிக்கிற புள்ளி கோட்ட தன் பக்கம் இழுத்துரும். உங்க 0.78ங்கற நல்ல மார்க்கு முக்காவாசியும் அந்த ஒரு நாள் பால் வாங்கிக் கொடுத்தது.

இப்ப நீங்க தினம் கொடுக்கிற சாதாரண பால எடுத்துக்குவோம். மெட்ரோலாக் 33 காட்டுன ரெண்டு நாள்ல லேப் ஒரு நாள் 31, இன்னொரு நாள் 33. 34 காட்டுன நாள்லயும் 31.5, 33.5ன்னு ரெண்டு விதமா வந்திருக்கு. ஒரே ரீடிங்குக்கு ரெண்டு வித்தியாசம் வந்தா ஃபார்முலா என்ன செய்யும்? எக்ஸல்ல எஸ்டிஇஒய்எக்ஸ்னு (STEYX) ஒரு ஃபங்ஷன் இருக்கு, புள்ளிங்க கோட்டுல இருந்து பொதுவா எவ்வளவு விலகுதுன்னு சொல்லும், மகட்ட போட்டுப் பாக்கச் சொல்லுங்க, 1.15 வரும், அதுல ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல, அதாவது கோடு சொல்றதுல இருந்து ரெண்டரை வரைக்கும் கூடவோ கொறவோ போக வாய்ப்பிருக்கு. 100 கிலோ பால்ல ஒரு பாயிண்ட் டிஆர்சின்னா ஒரு கிலோ உலர்ந்த ரப்பர், ரெண்டரை பாயிண்ட் தப்புனா ரெண்டரை கிலோ. ஆர் ஸ்கொயர விட்டுட்டு இந்த நம்பரத்தான் பாக்கணும், காசு இதுலதான் போகும்.

அந்த 5.5ஐ பாத்துட்டு தண்ணியிலயும் அஞ்சரை சதவீதம் ரப்பர் இருக்கான்னு யாராவது கேப்பாங்க, இல்ல, கோட்ட நீட்டி சைபர்ல வெட்டுனா வர்ற நம்பர் அது, அவ்வளவுதான். உங்க கையில இருக்கிற டேட்டா 33ல ஆரம்பிக்குது, அதுக்கு கீழ கோட்ட நம்பாதீங்க. முக்கியமா ஆனி ஆடி மழையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பால் நீர்த்து டிஆர்சி எறங்கும், அந்த மாசத்துல எடுத்த சாம்பிள் ஒண்ணுகூட உங்க நோட்ல இல்ல. பால் கூட வரணும்னு எத்தஃபான் மருந்து தடவுனாலும் எறங்கும், அடுத்தடுத்த நாள் வெட்டுனாலும் எறங்கும்.

மெட்ரோலாக் ஏன் இப்படி ஆடுதுன்னா அது ரப்பர நேரா அளக்கல, அடர்த்தியத்தான் அளக்குது. ரப்பர் தண்ணிய விட லேசு, அதனால ரப்பர் கூடுன பால்ல கருவி ஆழமா முங்கும். ஆனா பால் சூடா இருந்தாலும் லேசாகி ரீடிங் கூடும், நுரை மூடியிருந்தா எந்த கோடுன்னே கண்ணுக்கு தெரியாது. ஒரு பங்கு பாலுக்கு ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி மூணால பெருக்குறீங்கல்ல, அதுல அரை பாயிண்ட் கண் தப்புனா கணக்குல ஒண்ணரை பாயிண்ட் ஆயிரும். இந்த பிழை எக்ஸ் பக்கத்துல, அதாவது மெட்ரோலாக் பக்கத்துல இருக்கறதால கோடு படுத்துக்கும், நெஜத்துல இருக்க வேண்டியதவிட சரிவு கொறவா காட்டும், 0.4 வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஏமாத்துறாங்களாங்கறதுக்கு இந்த கோடு பதில் சொல்லாது. சராசரியா மெட்ரோலாக் 2.3 கூட காட்டுதுங்கறது மட்டும் தெளிவு. உங்க கருவி கூட காட்டுதா, அவங்க கொறச்சு போடுறாங்களா, ரெண்டுக்குமே படம் ஒரே மாதிரித்தான் இருக்கும். தெரியணும்னா மூணாவது ஒரு அளவு வேணும். பேரல் பால நல்லா கலக்குங்க, அமோனியா ஊத்தி நாள்கணக்கா நின்ன பால்ல மேலாப்புல கோரினா ரப்பர் கூடத்தான் வரும். கலக்குன பால மூணு பாட்டில்ல எடுங்க. ரெண்ட வாங்குறவங்க லேபுக்கே வேற வேற பேர்ல கொடுங்க, ஒரே பாலுக்கு அவங்க ரெண்டு பாட்டிலும் எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு தெரிஞ்சிரும். மூணாவத ரப்பர் போர்டு ஆபீஸ்ல விசாரிச்சு அவங்க சொல்ற லேப்ல கொடுங்க. ஒரு தடவ போதாது, மழைக்காலம் வெயில்காலம் ரெண்டுலயும் செய்யுங்க.

வீட்டுலயே பாக்கணும்னாலும் முடியும், 0.01 கிராம் காட்டுற தராசு இருந்தா போதும். பத்து கிராம் பால எடை போட்டு, கொஞ்சம் தண்ணி சேத்து, ரெண்டு சதவீத அசிட்டிக் ஆசிட் விட்டு, வெந்நீர் பாத்திரத்துல வச்சு தெளிஞ்ச நீர் பிரியற வரைக்கும் உறைய விடுங்க. உறைஞ்சத ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல தடிக்காம அழுத்தி, கழுவி, 70 டிகிரியில வெள்ளைப் புள்ளி ஒண்ணுகூட இல்லாம காய வைக்கணும். எடுத்து எடை போட்டு, திரும்ப காய வச்சு, எடை மாறாம நின்னாத்தான் கணக்கு. உள்ள ஈரம் நின்னா டிஆர்சி கூட வந்தமாதிரி தெரியும், அத வச்சு போய் சண்டை போட்டா நாமதான் தோப்போம்.

அதுவரைக்கும் இந்த கோடு வேஸ்ட்னு நெனைக்காதீங்க. லேப் ரிசல்ட் கோட்டுல இருந்து ரெண்டரைக்கு மேல கீழ விழுந்தா அன்னைக்கே திரும்ப டெஸ்ட் பண்ணச் சொல்லி கேளுங்க, அதுக்கு இது போதும். நோட்ல இனிமே தேதி, மழை, எந்த பிளாக், ரெஸ்டுக்கு அப்புறமா, எத்தஃபான் போட்டதா, பாலோட சூடுன்னு கூட எழுதி வாங்க, மெட்ரோலாக் ரீடிங்க முழு நம்பரா ரவுண்ட் பண்ணாம பாத்தத அப்படியே எழுதுங்க. முப்பது சாம்பிள் சேந்ததும் மழைக்காலத்துக்கு தனி நிறத்துல புள்ளி வச்சு மகட்ட படம் போடச் சொல்லி அனுப்புங்க, ஒரே கோடு போதுமா இல்ல ரெண்டு கோடு வேணுமான்னு அப்ப பாத்துச் சொல்றேன்.