பிரேக் பேடைப் பார்த்தே ஆளைச் சொல்வேன்

கேள்வி: மோட்டோஜிபி ரைடர்களில் யாருடைய ஓட்டும் பாணி உங்களுக்குப் பிடிக்கும்? மோட்டேகி பந்தயத்தில் யாரைப் பார்க்கக் காத்திருக்கிறீர்கள்?

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டில் சின்னதாக ஒரு டூ வீலர் பட்டறை வைத்திருக்கிறேன். பதிலில் கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஸ்டாண்டு போட்டதும் நான் முதலில் குனிந்து பார்ப்பது முன் பிரேக் பேடைத்தான். நம்ம ஊரில் பாதிப் பேருக்கு முன் பிரேக் என்றாலே பயம். "முன்னால புடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று அப்பா சொன்னதை மகனும் அப்படியே கடைப்பிடிப்பான். பின்னால் ஷூ தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கும், முன் பேட் புதுசு மாதிரி இருக்கும். தினமும் ஓசூர் போய் வருகிற ஆளின் பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகியிருக்கும், ஓரத்தில் டயர் முடிகூட உதிர்ந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டிப் பக்கம் மலைப்பாதையில் சுற்றிவிட்டு வருகிற பையன்களுக்கு ஓரம்தான் முதலில் போகும். வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் யார் என்றே தெரியாவிட்டாலும், அவர் எப்படி ஓட்டுவார் என்று சொல்லிவிடுவேன்.

மோட்டோஜிபி என்கிற உலக பைக் பந்தயத்தையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். வளைவில் முழங்கை தரையில் உரசுகிற படத்தைத்தான் எல்லோரும் போனில் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை, இப்போது அங்கே ஓட்டுகிற எல்லோருமே 60 டிகிரி சாய்கிறவர்கள்தான். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிவது அதற்கு முந்தின சில விநாடிகளில், பிரேக் பிடிக்கிற இடத்தில்.

அதற்கு ஜப்பானில் உள்ள மோட்டேகியைவிட நல்ல இடம் கிடையாது. 4.8 கிலோமீட்டர், 14 வளைவு, நிறுத்தி நிறுத்திக் கிளம்புகிற டிராக். பின்பக்க நேர்பாதை இறக்கமாகப் போய் முடிகிற இடத்தில் வலப்பக்கம் செங்கோணமாக ஒரு திருப்பம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலே வருகிற வண்டியை அங்கே 100-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அந்த வண்டியின் குறைந்தபட்ச எடை 157 கிலோதான், என் கடை வாசலில் நிற்கிற 350 சிசி புல்லட்டைவிடக் குறைவு. ஆனால் புல்லட்டுக்கு 20 குதிரைத் திறன் என்றால் இதற்கு 250-க்கு மேலே. டிஸ்க் கார்பன், நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். இதைக் கடைக்கு டீ குடிக்க வருகிற பழைய லாரி டிரைவர் ஒருவரிடம் சொன்னேன். தொப்பூர் கணவாயில் முப்பது வருஷம் லோடு இறக்கியவர். "சூடானா பிரேக் புடிக்குமா? யார்கிட்டப்பா கதை வுடற?" என்று எழுந்து போய்விட்டார். அவர் பிழைப்பில் பிரேக் சூடாவது என்றால் எமன் கூப்பிடுகிறான் என்று அர்த்தம்.

சரி, யாருடைய பாணி? என் கடைப் பையன், ஸ்பெயின் ரைடர் மார்க் மார்க்கேஸின் வெறியன். பின்சக்கரம் அந்தரத்தில் ஆட, வண்டி குறுக்கே வழுக்க, சாய்ந்தபிறகும் பிரேக்கை விடாமல் உள்ளே நுழைகிற ஆள் அவர். முன் டயர் வழுக்கினால் மற்றவர்கள் கீழே கிடப்பார்கள், இவர் முழங்கையையும் முட்டியையும் ஊன்றி வண்டியைத் தூக்கி நிறுத்திவிடுவார். அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார். 2020-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் டிராக்கில் கை முறிந்தது, அந்தக் கைக்கு மட்டும் நான்கு ஆபரேஷன்.

எனக்குப் பிடித்தது நேர் எதிர்ப்பக்கம். முதலில் ஹோர்ஹே லொரென்ஸோ. சுற்றுக்குச் சுற்று ஒரே கோடு, அவசரமே தெரியாது, கடைசியில் பார்த்தால் ஐந்து விநாடி முன்னால் போயிருப்பார். தன் பாணிக்கு அவரே வைத்த பெயர் வெண்ணெயும் சுத்தியலும்: ஓட்டம் வெண்ணெய் மாதிரி வழுவழு, சுற்றுகள் சுத்தியல் அடி மாதிரி ஒரே சீர். அவர் ஓய்வு பெற்றபிறகு பிரான்செஸ்கோ பாஞ்ஞாயா, செல்லமாக பெக்கோ. பின்னால் பெரிய ஆட்டம் இல்லாமல், முன் டயரை நம்பி, அமைதியாகக் கடைசிவரை பிரேக் பிடித்துக்கொண்டு நுழைவார். (பழைய சாம்பியன் வாலண்டினோ ரோஸி பிரேக் பிடிக்கும்போது உள்பக்கக் காலைத் தொங்கவிடுவாரே, இப்போது எல்லோரும் அதைச் செய்கிறார்கள். எதற்கு என்று ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்.)

இந்த இடத்தில் பழைய 500 சிசி காலத்து ரைடர் மிக் டூஹனைச் சொல்லாமல் விட முடியாது. 1992-இல் நெதர்லாந்தின் அஸ்ஸென் டிராக்கில் வலது கால் நொறுங்கியது. காலால் பின் பிரேக்கை மிதிக்க முடியாமல், இடது கைக் கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி அமைத்துக்கொண்டு 1994 முதல் 98 வரை வரிசையாக ஐந்து பட்டம். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அண்ணன், வலது பாதம் சரியாக மடங்காது, பைக்கில் பின் பிரேக்கைக் கைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு வந்தார். டூஹன் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு ஸ்கூட்டி வாங்கிட்டா இடது கையிலயே இருக்குமே தம்பி" என்றார். ஸ்கூட்டிதான் வாங்கினார்.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கேஸும் பாஞ்ஞாயாவும் ஒரே டுகாட்டி அணி, ஒரே மாதிரி வண்டி. அது வழுக்கினாலும் மார்க்கேஸ் ஓட்டிவிடுவார். பெக்கோவுக்கு முன் டயர் என்ன செய்கிறது என்று கையில் தெரியவேண்டும், அந்த வருஷம் அது தெரியவில்லை. ஒருவர் ஜெயித்துக்கொண்டே போக, இன்னொருவர் பிரேக் பிடிக்கவே யோசித்தார். என் பையன் வருஷம் முழுக்க என்னை வறுத்தெடுத்தான்.

அப்புறம் செப்டம்பர் 28, மோட்டேகி. சனிக்கிழமை நடக்கிற குட்டிப் பந்தயமான ஸ்பிரிண்டை ஜெயித்துவிட்டு ஞாயிறும் பெக்கோ முன்னால் போகிறார், திடீரென்று வண்டியின் பின்னால் புகை. நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஆயில் புகையா, வேறு எதுவுமா என்று போன் திரையில் மூக்கை வைத்துப் பார்க்கிறேன். வண்டியில் கோளாறு, வெளியே வா என்று சொல்கிற ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி வந்துவிடுமோ என்று ஒவ்வொரு சுற்றும் வயிற்றைக் கலக்கியது. அந்தப் புகையோடே வந்து ஜெயித்தார். இரண்டாவதாக வந்த மார்க்கேஸ், இன்னும் ஐந்து பந்தயம் மீதியிருக்கும்போதே சாம்பியன். 2019-க்குப் பிறகு கிடைத்த பட்டம், மனிதர் அழுதுவிட்டார். ஒரே பந்தயத்தில் பையனுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அன்றைக்கு டீ காசு யார் கொடுப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை.

அதனால் இந்த முறை அந்த இறக்கத்துத் திருப்பத்தைத்தான் பார்க்கப்போகிறேன். பெக்கோ எந்த இடத்தில் பிரேக்கைத் தொடுகிறார், பக்கத்தில் மார்க்கேஸ் இருந்தால் யார் முதலில் கையை வைக்கிறார், அவ்வளவுதான். போன தடவை மாதிரியே வைத்தால் நம் நேரத்துக்கு ஞாயிறு காலை பத்தரைக்கு ஆரம்பம். சர்வீஸுக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் பதினொன்றரைக்கு மேல் வரவும்.