தொட்டுப் பார்ப்பதும் தட்டுப்படுவதும்

அன்புள்ள டாக்டருக்கு,

அப்பாவின் மருத்துவக் குறிப்பை அவர் படிப்பதற்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வயிற்றைப் பற்றிய இடத்தில் ‘லிவர், ஸ்ப்ளீன் நாட் பால்பபிள்’ என்று இருந்தது. ‘பால்பேட்’ என்றால் தொட்டு உணர்தல் என்று அறிந்து, ‘கல்லீரலையும் மண்ணீரலையும் உணர முடியவில்லை’ என்று எழுதிவிட்டேன். அப்பா அதைப் படித்துவிட்டு, “ஈரலுக்கு என்னம்மா ஆச்சு?” என்று கலங்கிப்போனார். இந்தச் சொல்லைத் தமிழில் எப்படித்தான் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், அந்த வரியில் பயப்பட ஒன்றும் இல்லை. கல்லீரலின் பெரும்பகுதி வலது விலா எலும்புகளுக்கு அடியில் மறைந்திருக்கும். மண்ணீரல் இடது பக்கம் இன்னும் உள்ளே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் பெரும்பாலும் விலாவைத் தாண்டி வந்து விரலில் முட்டும். இரண்டும் கைக்கு அகப்படாமல் இருப்பதுதான் வழக்கம். ஈரலில் எந்தக் கோளாறும் இல்லை என்று அந்த வரி உறுதி சொல்லவில்லை. வீக்கம் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி சொல்லுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் தவறு ‘முடியவில்லை’ என்ற சொல்லில் இருக்கிறது. அது வந்தவுடன், உணரவேண்டிய ஒன்று இருந்ததாகவும் மருத்துவரின் கைக்கு அது கிட்டாமல் போனதாகவும் அர்த்தம் வந்துவிடுகிறது. இதற்கு நம்மிடம் அருமையான ஒரு வினை இருக்கிறது: தட்டுப்படு. இருட்டில் கைவிட்டுத் துழாவும்போது சாவி கையில் தட்டுப்படுகிறது என்கிறோமே, அதேதான். ‘ஈரல் கைக்குத் தட்டுப்படவில்லை’ என்றால் யாருடைய தோல்வியும் அதில் இல்லை. தேடிய இடத்தில் எதுவும் கையில் படவில்லை என்ற செய்தி மட்டும் இருக்கிறது.

‘பால்பேட்’ என்பதற்கு நான் சொல்வது ‘தொட்டுப் பார்’. வெறும் ‘தொடு’ போதாது. ‘தடவு’ மேலோட்டமான முதல் கட்டத்துக்குத்தான் பொருந்தும், ‘அமுக்கு’ ஆழமாகப் பார்க்கும் அடுத்த கட்டத்துக்கு. ‘பார்’ சேரும்போதுதான் கை எதையோ அறிந்துகொள்ளப் போகிறது என்பது வருகிறது. ருசித்துப் பார், கேட்டுப் பார் என்பதுபோலத்தான். மருத்துவப் பரிசோதனையின் நான்கு படிகளும் தமிழில் எவ்வளவு இயல்பாக அமைகின்றன, பாருங்கள்: கண்ணால் பார், தொட்டுப் பார், தட்டிப் பார், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுப் பார். ‘ஸ்பரிசப் பரிசோதனை’ என்றெல்லாம் எழுதி இதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. (வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும். கை வைத்து அமுக்கினால் குடலின் ஒலி மாறக்கூடும் என்பதால், கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொட்டுப் பார்ப்போம்.)

இந்த வினையின் முழு அர்த்தம் பயிற்சிக் காலத்தில் ஒரு நாள்தான் எனக்குப் புரிந்தது. ஈரலைத் தேடுகிறேன் என்று ஒரு நோயாளியின் வலது வயிற்றை மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் தன் கையை என் கைமேல் வைத்து அசையாமல் நிறுத்தினார். “மூச்சை நல்லா இழுங்க” என்றார் நோயாளியிடம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் இறங்க, அது தள்ளிய ஈரலின் விளிம்பு மெல்ல வந்து என் ஆள்காட்டி விரலின் ஓரத்தில் இடித்து நழுவியது. கை அசையாமல் காத்திருக்க, ஈரல்தான் வந்து தொட்டது. ஆசிரியரின் கண் அப்போதும் நோயாளியின் முகத்தில்தான் இருந்தது. வாய் சொல்லாத வலியை முகம் காட்டிவிடும். அதனால்தான் வலிக்கிற இடத்தைக் கடைசியாகத் தொட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. ‘பால்பிடேஷன்’ என்று எங்காவது கண்டால் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நெஞ்சுப் படபடப்பு. லத்தீனில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் தொட்டுப் பார்ப்பது மருத்துவர், படபடப்பை உணர்வது நோயாளி.

அப்பாவிடம் கொடுத்த தாளில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் கல்லீரலும் மண்ணீரலும் கைக்குத் தட்டுப்படவில்லை.’ பக்கத்திலேயே ‘வழக்கமாக இப்படித்தான் இருக்கும்’ என்றும் சேர்த்துவிடுங்கள். குறிப்பில் அது இல்லைதான், ஆனால் அப்பாவுக்கு அது வேண்டும்.