மொன்றியலுக்கு ஒரு ஜனவரிப் பயணம்: சக ஹாமின் இறுதிக்கிரியைக்குப் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

மொன்றியலில் இருந்த நம் சக ஹாம், அதாவது பொழுதுபோக்காக அனுமதி பெற்று வானொலியில் தொடர்புகொள்ளும் அமெச்சூர் வானொலியாளர், காலமாகிவிட்டார். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். ஞாயிறு காலை கிரியை, பிறகு தகனம். ரொறன்ரோப் பக்கத்தில் இருந்து போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஸ்காபறோ: அண்ணை, எனக்குச் சனி இரவு 10 மணி வரை வேலை. முடிய வெளிக்கிட்டால் ஞாயிறு விடிய அங்கே நிற்கலாம்தானே?

வேண்டாம் தம்பி. உங்கள் வீட்டில் இருந்து மொன்றியல் 520 கிலோமீற்றருக்குக் கிட்ட. கோடையில் ஐந்தரை மணித்தியாலம். ஜனவரியில் வானம் தெளிவாக இருந்தாலும் ஆறரை என்று வையுங்கள். ஸ்நோ கொட்டினால் எட்டு, ஒன்பதும் போகும். அதைவிட முக்கியமானது, வீதியின் வெப்பநிலை ஆகக் குறைவது விடியப்புறத்தில்தான். வீதிக்குப் போடும் சாதாரண உப்பு −10 பாகைக்குக் கீழே போகப்போக வேலை செய்யாது. வேலை முடித்த களைப்போடு அந்த நேரத்தில் 401 நெடுஞ்சாலையில் நிற்கக்கூடாது.

அந்த ஒரு வேலை முறையை யாரிடமாவது மாற்றிக்கொண்டு சனி காலை 8 மணிக்கு வெளிக்கிடுங்கள். மத்தியானத்துக்குள் கிங்ஸ்ரன், அங்கே சாப்பாடு. மொன்றியலில் இந்த நாட்களில் நாலரை தாண்ட சூரியன் மறைந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தால் பார்வை நேரத்துக்குச் சரி. மாற்ற முடியவில்லை என்றால், போக முடியாதவர்கள் என்ன செய்யலாம் என்று கீழே சொல்லியிருக்கிறேன்.

மார்க்கம்: புயல் வருகிறது என்று சொல்கிறார்கள். போவதா விடுவதா என்று எப்போது முடிவெடுக்கலாம்?

வெள்ளி இரவு 8 மணிக்கு ஒரே தடவை முடிவெடுங்கள். சனி காலை கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது மனம் எப்போதும் ‘போ’ என்றுதான் சொல்லும்.

கனடா சுற்றாடல் துறையின் வெதர்கான் செயலியில் ரொறன்ரோவை மட்டும் பார்த்தால் போதாது. பெல்வில், கிங்ஸ்ரன், கோர்ன்வோல், மொன்றியல் நான்கையும் சேர்த்து வையுங்கள். 401 நேர்கோடு மாதிரி இருந்தாலும் ஒரே நாளில் மூன்று விதமான வானத்தைத் தாண்டித்தான் போகிறீர்கள். ரிறென்ரன் தொடக்கம் கிங்ஸ்ரன் வரை ஒன்ராறியோ ஏரிக் காற்று திடீரென்று ஸ்நோவைக் கொண்டுவந்து கொட்டும். ஐந்து நிமிடத்தில் முன்னால் போகும் லொறியின் பின்விளக்கு மறைந்துவிடும். வீதி நிலையை ஒன்ராறியோ 511 என்ற வீதித் தகவல் சேவையிலும், மாகாண எல்லை தாண்டினால் கியூபெக் 511இலும் பாருங்கள்.

சாதாரண ஸ்நோ எச்சரிக்கை என்றால் வெள்ளி மத்தியானமே வெளிக்கிட்டு ஒரு இரவு கூடத் தங்கலாம். உறைமழை (விழுந்ததும் பனியாக உறையும் மழை) எச்சரிக்கை என்றால் போகவே வேண்டாம். எந்த ரயரும் கண்ணாடிப் பனியைப் பிடிக்காது. 1998 ஜனவரியில் மொன்றியலையும் கிழக்கு ஒன்ராறியோவையும் இருட்டாக்கியது அந்த மழைதான்.

போக முடியாமல் போனால் அது மரியாதைக் குறைவு ஆகாது. நேரலை இணைப்பு இருக்குமா என்று மலர்ச்சாலையில் (கிரியை நடக்கும் மண்டபத்தில்) கேளுங்கள். பிறகு 31ஆம் நாள் சடங்குக்குப் போங்கள். கிரியை நாளில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். வானொலி அறையில் இருப்பவை என்னவென்று அந்தக் குடும்பத்துக்கு விளங்கப்படுத்த ஆள் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான்.

ஏஜக்ஸ்: என் காரில் ஓல் சீசன் ரயர்தான். கியூபெக்கில் பிடிப்பார்களா?

டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம் என்ற கியூபெக் சட்டம் அங்கே பதிவான வாகனங்களுக்குத்தான். ஒன்ராறியோ இலக்கத் தகடு உள்ள உங்கள் கார் அதற்குள் வராது. ஆனால் சட்டம் விட்டாலும் வீதி விடாது. 7 பாகைக்குக் கீழே ஓல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் போட்ட குறி ரயரின் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் அந்தக் குறி இருந்தும் பயனில்லை. காற்றையும் குளிரில் நின்ற காரில்தான் அளக்க வேண்டும். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்க ஒரு பீ.எஸ்.ஐ. அளவு குறையும்.

விண்டர் ரயர் போட்ட நண்பரின் காரில் மூன்று பேராகப் போவதே நல்லது. ஓடுவதற்கும் மாற்று ஆள் கிடைக்கும்.

பிக்கறிங்: காரில் என்னென்ன வைக்க வேண்டும்? வழியில் மாட்டினால் என்ன செய்வது?

−40 பாகைக்கான கண்ணாடி கழுவும் திரவம் ஒரு போத்தல் மேலதிகமாக. உப்புத் தண்ணீர் தெறிக்கும் நாளில் ஒரு முழுத் தாங்கியும் கிங்ஸ்ரனுக்குள்ளேயே முடியும். ஸ்நோ அள்ளும் சிறிய சவள், பூனைக் கழிவுப் பெட்டிக்குப் போடும் மண் ஒரு பை (சில் சுற்றினால் அதன் கீழே தூவ), பூஸ்ரர் கேபிள், ஆளுக்கொரு போர்வை, தலையில் மாட்டும் விளக்கு, தண்ணீர், உறையாத சாப்பாடு. பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒடெசாவிலும் மல்லோரிடவுனிலும் ஒன்ரூட் தரிப்பிடங்கள் இருக்கின்றன, இரண்டிலும் நில்லுங்கள். கூரையில் இருக்கும் ஸ்நோவை முழுக்கத் தள்ளிவிட்டு வெளிக்கிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது அது அப்படியே முன்கண்ணாடிக்கு வழுகி வரும். குரூஸ் கொன்ரோல் வேண்டாம். பகல் விளக்கை நம்ப வேண்டாம், பல கார்களில் அதோடு பின்விளக்கு எரியாது. ஹெட்லைற்றைக் கையால் போடுங்கள்.

வீதி மூடப்பட்டு மணிக்கணக்காக நிற்க நேர்ந்தால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் போடும் முன் இறங்கி, புகைக்குழாயைச் சுற்றியுள்ள ஸ்நோவைக் கிண்டி எடுங்கள். அது அடைத்திருந்தால் கார்பன் மொனொக்சைட் காருக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையோடு நித்திரையாக ஆளைக் கொண்டுபோய்விடும். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்திருங்கள்.

மிசிசாகா: ரயில், விமானம் பற்றிச் சொல்லுங்கள். துக்க நிகழ்வுக்குக் குறைந்த கட்டணம் உண்டாமே? வேலையில் லீவும் கிடைக்குமா?

அந்தக் கட்டணம் நெருங்கிய குடும்பத்தினருக்கு மட்டுந்தான். வானொலி நண்பர் அதற்குள் வரமாட்டார். ஒன்ராறியோவின் இரண்டு நாள் சம்பளமற்ற துக்க விடுப்பும் அப்படியே, சட்டத்தில் சொன்ன உறவினருக்கு மட்டும். உங்கள் சொந்த விடுமுறையில் ஒரு நாளைக் கேளுங்கள்.

தனியாகப் போவதென்றால் என் தெரிவு வியா ரயில்தான். யூனியன் நிலையத்தில் ஏறினால் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. கடும் குளிரில் அதுவும் தாமதமாகும், ஆகவே பார்வைக்குச் சற்று முன் போய்ச் சேரும் ரயிலை எடுக்காமல் அதற்கு முந்தியதை எடுங்கள்.

பிரம்ரன்: இரண்டு கார்களில் போகிறோம். வானொலியை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கார்களுக்கிடையே 146.520 மெகாஹேர்ட்ஸ் சிம்பிளெக்ஸ் (வானொலிக்கு வானொலி நேரடியாக) போதும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் பக்கத்து அலைவரிசைக்கு மாறுங்கள். வழியில் உள்ள ரிப்பீற்றர்களை (நம் குரலை வாங்கித் தூரத்துக்கு மீண்டும் அனுப்பும் நிலையங்கள்), அவற்றைத் திறக்கும் தொனியோடு வீட்டிலேயே பதிந்து வையுங்கள். மைக் பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையில்தான் இருக்க வேண்டும், ஓடுபவரிடம் வேண்டாம். 144.390இல் ஏ.பி.ஆர்.எஸ். (கார் நிற்கும் இடத்தை வானொலியில் அனுப்பும் முறை) போட்டால் வீட்டில் இருப்பவர்கள் வரைபடத்தில் பார்த்துக்கொள்வார்கள், ‘எங்கே நிற்கிறீர்கள்’ என்று அழைக்கத் தேவையில்லை.

காந்த அடி அன்ரெனாவைப் பனி ஒட்டிய கூரையில் வைக்கக்கூடாது. காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய பனிப்படலம் இருந்தாலே பிடி போய்விடும், 100இல் போகும்போது பறந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும். கூரையையும் காந்தத்தையும் துடைத்து உலர்த்திவிட்டு வையுங்கள். கைவானொலியை இரவில் காரில் விடாதீர்கள். உறைந்த லித்தியம் பற்றரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், பிறகு அந்தப் பற்றரியை நம்ப முடியாது. குளிர்ந்த வானொலியைச் சூடான அறைக்குக் கொண்டுபோனால் பையைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துவிடும்.

ஸ்காபறோ: அவருடைய மோர்ஸ் கீயையும் (புள்ளி, கோடு என்று தட்டிச் செய்தி அனுப்பும் கருவி) கைவானொலியையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பலாமா? மகள் கேட்கிறா.

வானொலியை வைக்கக் கூடாது. அதில் உள்ள லித்தியம் பற்றரி தகன அறையில் வெடிக்கும், வேலை செய்பவருக்கும் ஆபத்து. இதயத்தில் வைக்கும் பேஸ்மேக்கரையும் அதனால்தான் முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு வைக்கலாமா என்றால், சேர்கிற்றிலும் மீள்சார்ஜ் ஆகும் சிறிய பற்றரி இருக்கலாம். வெளியே தெரியாது. வெற்றிடக் குழாய், கண்ணாடி எதுவும் வேண்டாம்.

பித்தளைக் கீ வெடிக்காது. ஆனால் தகன அறையின் வெப்பம் 760 முதல் 980 பாகை வரை போகும், பித்தளை 900 தாண்ட உருகிவிடும். சாம்பலோடு கட்டியாகக் கிடக்கும் அது யாருக்கும் ஆறுதல் தராது. பார்வை நேரத்தில் கீயைக் கைக்கருகில் வைத்துவிட்டு, பெட்டியை மூடும் முன் எடுத்து மகள் கையிலேயே கொடுங்கள். உள்ளே போவதற்குக் காகிதம் நல்லது: வானொலித் தொடர்பை உறுதிசெய்ய அனுப்பும் அவருடைய கியூ.எஸ்.எல். அட்டை ஒன்று, அவர் கையால் எழுதிய தொடர்புப் பதிவேட்டின் ஒரு தாள். எதை வைப்பதென்றாலும் மலர்ச்சாலை இயக்குநரிடம் கேட்டுவிட்டுத்தான்.

வோன்: மலர்வளையத்தை இங்கிருந்து கொண்டுபோகலாமா?

மொன்றியலிலேயே சொல்லிச் செய்யுங்கள். பூ உறைந்தால் வெளியே எடுத்ததும் கறுத்துப்போகும், டிக்கியில் ஒரு மணித்தியாலம் போதும். ரிப்பனில் அழைப்புக்குறி (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய எழுத்தும் இலக்கமும் கலந்த அடையாளம்) போடுவதானால் தொலைபேசியில் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். அங்குள்ள அழைப்புக்குறிகளின் நடுவில் 2 என்ற இலக்கம் வரும். கடைக்காரர் அதை எழுத்து என்று நினைத்து மாற்றிவிடாமல், அச்சிட முதல் படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

மார்க்கம்: உடுப்பு? வேட்டியோடு அந்தக் குளிரில்?

வேட்டிக்கு உள்ளே தேர்மல் காற்சட்டை போடுங்கள், யாருக்கும் தெரியாது. பூட்ஸோடு போய் வாசலில் கழற்ற வேண்டிவரும், ஆகவே உள்ளே போட ஒரு சப்பாத்தும் ஈரப் பூட்ஸுக்கு ஒரு பொலித்தீன் பையும். காற்றுக் குளிர் −28 தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையும், வாசலில் நின்று கதைப்பதைக் குறையுங்கள்.

தகனம் முடிந்து குளிக்க வேண்டும் என்பவர்கள் ஹோட்டலில் பிற்பகல் 2 மணி வரை அறையை நீட்டிக் கேளுங்கள். தலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் வெளியே. இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் பாதிக்கு மேற்பட்ட பயணம் இருட்டுக்குள்தான், முடிந்தால் ஞாயிறு இரவும் நின்று திங்கள் காலை வாருங்கள்.

ஏஜக்ஸ்: மொன்றியலில் கார் நிறுத்துவது?

ஸ்நோ அள்ளும் நாட்களில் வீதியோரம் செம்மஞ்சள் தடைப் பலகை வைப்பார்கள். பிறகு சைரன் ஒலிக்கும். அப்போதும் கார் நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மலர்ச்சாலையின் தரிப்பிடத்தையே பாவியுங்கள். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக்கூடாது.

மில்ரன்: அலையில் அவருக்கு எப்படி அஞ்சலி செய்வது?

முதலில் குடும்பத்தின் சம்மதம். அவர்கள் சொல்லும் முன் நெற்றில் (குறித்த நேரத்தில் ஹாம்கள் அலையில் கூடும் கூட்டத்தில்) பெயரை அறிவிக்க வேண்டாம், தூரத்து உறவுகள் வானொலி மூலமாகவா கேட்க வேண்டும்? சம்மதம் கிடைத்தால், வழமையான நெற்றின் நேரத்தில் நடத்துநர் அவருடைய அழைப்புக்குறியை மூன்று தடவை அழைப்பார். ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு பதிலுக்கு விடும் இடைவெளி. பிறகு அவர் சைலன்ட் கீ (மறைந்த ஹாமைச் சொல்லும் பெயர்) ஆகிவிட்டார் என்ற அறிவிப்பு. கடைசியாக மோர்ஸில் மூன்று புள்ளி, கோடு, புள்ளி, கோடு (· · · − · −): தொடர்பு முடிந்தது என்ற குறி. நடத்துநர் தன் சொந்த அழைப்புக்குறியில்தான் இதைச் செய்ய வேண்டும். மறைந்தவரின் குறியில் யாரும் ஒலிபரப்பக்கூடாது, அன்பினாலும் கூடாது.

ஒட்டாவா: எங்கள் கழகத்தில் இன்னொருவர், கத்தோலிக்கர், கிராமத்துக் கல்லறையில் அடக்கம். நிலம் உறைந்தால் என்ன செய்வார்கள்?

பல கல்லறைகளில் உடலைக் கல்லறைக் கட்டடத்தின் அறையில் வைத்து, நிலம் இளகிய பிறகு வசந்தத்தில் புதைப்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டாவது துக்க நாள், வருபவர்களும் குறைவு. குளிரில் போக முடியாதவர்கள் அதற்குப் போவது மிகவும் நல்லது. திகதியைக் கேட்டு இப்போதே குறித்து வையுங்கள்.

பிக்கறிங்: அவர் வீட்டில் கோபுரமும் நிறைய உபகரணமும் இருக்கு. நாலு பேர் போகிறோம், அன்றைக்கே கழற்றிக் கொடுத்தால் உதவிதானே?

நல்ல மனம், ஆனால் கோபுரத்தைத் தொடாதீர்கள். ஜனவரியில் படியில் பனி, கொக்கிகளிலும் பனி, மேலே காற்று. கோபுரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் இழுவைக் கம்பிகளின் திருகுகள் உறைந்திருக்கும், பலவந்தமாகத் திருப்பினால் உடையும். ஒரு கம்பி விட்டால் கோபுரமே சாயும். கீழே நின்று கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இறக்குவது மே மாதத்தில், அனுபவமுள்ளவரோடு.

அன்றைக்குச் செய்ய வேண்டியவை குடும்பத்தினர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வானொலி அறையில் எல்லா மின்சாரத்தையும் நிறுத்துங்கள். ஈய அமிலப் பற்றரிகளின் சார்ஜரைக் கழற்றுங்கள். அன்ரெனாக் கேபிள்களை வானொலியில் இருந்து பிரித்து ஒவ்வொன்றிலும் எது எங்கே போகிறது என்று ஒட்டுத்தாளில் எழுதுங்கள். பிறகு எல்லாவற்றையும் தொடர் எண்ணோடு படம் எடுத்துக் குடும்பத்துக்கு அனுப்புங்கள். விலை பேச்சு அன்றைக்கு ஒரு சொல்லும் வேண்டாம், ‘இதை நான் எடுக்கிறேன்’ என்பதும் வேண்டாம். 31 முடிந்த பிறகு இரண்டு பேர் தனித்தனியாக விலை எழுதிக் கொடுத்தால் குடும்பம் ஏமாறாது. கிரியை நேரத்தில் ஒருவர் வீட்டில் நில்லுங்கள், அழைப்புக்குறியை வைத்து விலாசம் தேடிப் பிடிப்பது திருடருக்கு இலகு.

மேசைக்குக் கீழே வெற்றிடக் குழாய் வைத்த லினியர் (ஒலிபரப்பின் வலுவைக் கூட்டும் கருவி) இருந்தால் அதன் மூடியை யாரும் கழற்ற வேண்டாம். உள்ளே 2,000 முதல் 3,000 வோல்ற் வரை சேமிக்கும் கொள்ளளவிகள் இருக்கும், வயரைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் நிற்கும், அதை வெளியேற்றும் கசிவுத் தடை பழுதாகியிருந்தால் நாட்கணக்கிலும் நிற்கும். வயரைப் பிடுங்கி, ‘திறக்க வேண்டாம், உயர் மின்னழுத்தம்’ என்று மூடியில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.