தெருவில் போட்ட மேசை

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் 14 ஆண்டுகளாகக் கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டு பகுதியில் குடியிருக்கிறேன். உங்களிடம் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூடிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவை இரு முனைகளிலும் மறித்து, நடுவில் நீள மேசைகள் போட்டுப் பொதுவிருந்து வைத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். மக்கள் மின்கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும்போது வரிப்பணத்தில் ஒரு கோடீஸ்வரருக்கு முடிசூட்ட வேண்டுமா என்று, அதற்கு முந்தைய மாதங்கள் முழுவதும் வேலிக்கு அப்பால் நின்று என்னிடம் வாதிட்டவர். அன்று அவர்தான் மேசைகளைச் சுமந்து வந்தார். ஏணியில் ஏறிக் கொடித் தோரணம் கட்டினார். சாப்பிட்டு முடித்தபின், அதே தெருவில் 1945-இல் இதேபோன்ற ஒரு மேசையின் முன் தன் பாட்டி அமர்ந்திருக்கும் புகைப்படத்தை எல்லோருக்கும் காட்டினார்.

17 வயதான என் மகள் விருந்துக்கு வரவில்லை. "நம்மிடமிருந்து பறித்த கற்களை வைத்திருப்பவர்களுக்காக நான் ஏன் கைதட்ட வேண்டும்?" என்று கேட்டாள். நான் எலுமிச்சைச் சாதம் செய்து எடுத்துக்கொண்டு போனேன். இந்த மக்கள் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவர்களா? அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட நான் செய்தது தவறா?

கே., இல்ஃபோர்டு

அன்புள்ள கே.,

வள்ளலாரின் அந்தச் சொல்லை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்மீது சுமத்த வேண்டாம். மாதக்கணக்கில் வேலியோரம் நின்று தன் கருத்தை உரக்கச் சொன்ன ஒருவர் உள்ளே எதையும் ஒளித்து வைக்கவில்லை. அரசர் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. தன் தெருவில் இருப்பவர்களோடு ஒருநாள் உட்கார்ந்து சாப்பிட விருப்பமா என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் அவர் உண்மையாகவே வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சியில் கொடியசைக்கும் கூட்டத்தை மட்டுமே பார்க்கிற நாம்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

அவருடைய குறையும் வெறும் முணுமுணுப்பு அன்று. முடிசூட்டு விழாவுக்கு 7.2 கோடி பவுண்டு செலவானதாக அரசே பின்னர் கணக்கு வெளியிட்டது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிட்டனின் பணவீக்கம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. இந்நிலையில் எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்பது ஒரு குடிமகனின் இயல்பான கடமை.

இனி கருத்துக்கணிப்புகளைப் பாருங்கள். பிரித்தானியச் சமூக மனப்பாங்கு ஆய்வு 1983-இல் தொடங்கியபோது, முடியாட்சி தொடர்வது "மிக முக்கியம்" என்று சொன்னவர்கள் 65 விழுக்காட்டினர். 2023-இல் முடிசூட்டு விழாவையொட்டி வெளிவந்த முடிவில் அது 29 விழுக்காடாகச் சரிந்திருந்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிபிசிக்காக யூகவ் நிறுவனம் எடுத்த கணிப்பில், முடியாட்சியே தொடரட்டும் என்றவர்கள் 58 விழுக்காடு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவர் வேண்டும் என்றவர்கள் 26 விழுக்காடு. ஆவலோடு வேண்டுமென்று சொல்பவர்கள் நாற்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்கள். ஆனால் அகற்றியே தீர வேண்டும் என்று முனைபவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இந்த இரு தரப்புக்கும் இடையில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தச் சொல் அவர்களுடைய மனநிலையைச் சரியாகவே குறிக்கும். இளைஞர்களிடம் இந்தப் பொறுமையும் குறைவு: அதே கணிப்பில் 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் முடியாட்சி வேண்டும் என்றவர்கள் 32 விழுக்காடு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் வேண்டும் என்றவர்கள் 38 விழுக்காடு. உங்கள் மகள் இன்னும் அந்த வயதை எட்டவில்லை என்றாலும், அவர் தனித்த குரல் அல்லர்.

அப்படியானால் கொண்டாட்டத்துக்கு ஏன் அத்தனை பேர் வருகிறார்கள்? இதற்கான விடையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. பிரிட்டனுக்குத் தேசிய நாள் என்று ஒன்று கிடையாது. பிரான்சுக்கு ஜூலை 14 இருக்கிறது, அமெரிக்காவுக்கு ஜூலை 4 இருக்கிறது, நமக்கு ஆகஸ்ட் 15 இருக்கிறது. யாரிடமிருந்தும் விடுதலை பெறாத, உலகில் பலர் தன்னிடமிருந்து விடுதலை பெற நேர்ந்த அந்த நாட்டின் நாட்காட்டியில் அப்படியொரு நாளுக்கு இடமே இல்லை. இங்கிலாந்தின் காவலராகக் கருதப்படும் புனித ஜார்ஜின் நாள் அங்கே விடுமுறைகூடக் கிடையாது. ஸ்காட்லாந்துக்குப் புனித ஆண்ட்ரூவின் நாள் உண்டு; அது ஸ்காட்லாந்தோடு நின்றுவிடும். வடக்கு அயர்லாந்தின் ஜூலை 12 விடுமுறை, 1690-இன் பாய்ன் போர் வெற்றியை ஒரு தரப்பு கொண்டாட மறுதரப்பு கதவை அடைத்துக்கொள்ளும் நாளாகவே பல தலைமுறைகளாக இருந்து வருகிறது.

முன்பு அவர்களுக்கும் அரசு ஆணையிட்ட நாட்கள் இருந்தன. 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதற்காக நவம்பர் 5. 1649-இல் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டதற்காக ஜனவரி 30. 1660-இல் அவருடைய மகன் அரியணைக்குத் திரும்பியதற்காக மே 29. இந்த நாட்களில் தேவாலயங்களில் தனி வழிபாடு நடத்த வேண்டும் என்று சட்டமே இருந்தது. 1859-இல் இவை அனைத்தையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். அதன்பின் நாடெங்கும் மக்கள் தாமாகவே விடாமல் பிடித்துக்கொண்டது நவம்பர் 5-இன் தீ மூட்டலையும் வாணவேடிக்கையையும்தான். சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு தெருவே நெருப்பைச் சுற்றி நிற்பதன் மகிழ்ச்சி எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. இன்று அங்கே நெருப்பைச் சுற்றி நிற்கும் குழந்தைகளுக்கு நாடாளுமன்றமும் நினைவில் இல்லை, மன்னரும் நினைவில் இல்லை.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் புகைப்படத்தை நான் மிக முக்கியமான சான்றாகக் கொள்கிறேன். 1945-இல் எந்த முடிசூட்டும் இல்லை. ஐரோப்பாவில் போர் முடிந்ததற்காகத் தெருக்களில் மேசை போட்டார்கள். பங்கீட்டு அட்டையில் கிடைத்த சர்க்கரையையும் கொழுப்பையும் வீட்டுக்கு வீடு சேர்த்து, அதைக்கொண்டு பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்தார்கள். அதற்கும் முன்பு, 1919-இல் முதல் உலகப் போர் முடிந்து அமைதி உடன்படிக்கை கையெழுத்தானபோது, எளிய மக்கள் வாழ்ந்த தெருக்களில் குழந்தைகளுக்காக வைக்கப்பட்ட "அமைதித் தேநீர்" விருந்துகளில்தான் இந்த வழக்கத்தின் வேர் இருக்கிறது. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவும், 1953-இல் எலிசபெத்தின் முடிசூட்டும், 1977-இல் அவருடைய வெள்ளிவிழாவும் ஏற்கெனவே போட்டிருந்த அந்த மேசையில் வந்து அமர்ந்துகொண்டன. போரில் பிள்ளைகளை இழந்த தெருக்கள், மிச்சமிருந்த பிள்ளைகளுக்குச் சோறிட்ட மேசை அது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிச் சுமந்தது தன் பாட்டியின் மேசையை என்றே நான் நம்புகிறேன். அதில் நீங்கள் எலுமிச்சைச் சாதத்தை வைத்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

அரண்மனையின் பகட்டு இதற்கு நேர்மாறானது. அது மேலிருந்து, திட்டமிட்டு, மிகவும் பிந்தி உருவாக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு மரபு என்று வருணனையாளர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். 1838-இல் விக்டோரியாவின் முடிசூட்டு விழா சரியான ஒத்திகையின்றி நடந்து, கான்டர்பரி பேராயர் மோதிரத்தைத் தவறான விரலில் அழுத்திப் போட்டுவிட, பின்னர் அதைக் கழற்றுவதற்கு அரசி விரலைக் குளிர்ந்த நீரில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. 80 வயதைக் கடந்த ஒரு பிரபு மரியாதை செலுத்த ஏறும்போது படிகளில் உருண்டார். 1861-இல் கணவரை இழந்த விக்டோரியா பொதுவெளியிலிருந்து ஒதுங்கிக்கொண்டபோது, வேலையே செய்யாதவருக்கு எதற்கு ஊதியம் என்ற பேச்சு எழுந்தது. நகரங்களில் குடியரசு மன்றங்கள் தோன்றின. 1871 நவம்பரில் நியூகாசிலில் சார்லஸ் டில்க் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அரண்மனைச் செலவைக் கேள்வி கேட்டு வெளிப்படையாகக் குடியரசை ஆதரித்துப் பேசினார். அடுத்த சில வாரங்களில் பட்டத்து இளவரசர் டைபாய்டில் விழுந்து சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார். 1872 பிப்ரவரி 27 அன்று புனித பால் பேராலயத்தில் நடந்த நன்றி வழிபாட்டுக்காக அரசியும் மகனும் ஊர்வலமாகச் சென்றபோது தெருக்கள் நிரம்பி வழிந்தன. ஒரு தாயின் கவலையைப் பார்த்து மக்கள் நெகிழ்ந்ததை அரசாங்கம் பாடமாகப் படித்துக்கொண்டது. 1887-இன் பொன்விழாவும் 1897-இன் வைரவிழாவும் அந்தப் பாடத்தின் விளைச்சல்கள்.

ஆனால் படித்துக்கொண்டவர்கள் ஆட்சியாளர்கள் மட்டும் அல்லர். மக்களும் தம் அன்புக்கு ஒரு விலை உண்டு என்று கற்றுக்கொண்டார்கள். 1992-இல் வின்ட்சர் கோட்டை தீப்பிடித்தபோது, செலவை அரசே ஏற்கும் என்ற அறிவிப்புக்கு எழுந்த கோபம் அரண்மனையை உலுக்கியது. மறு ஆண்டு முதல் அரசி எலிசபெத் வருமான வரி கட்டத் தொடங்கினார். சீரமைப்புச் செலவுக்காகப் பக்கிங்ஹாம் அரண்மனை கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1997-இல் டயானா இறந்தபோது, அரண்மனையில் கொடி ஏன் அரைக்கம்பத்தில் இல்லை என்று கேட்டவர்களும், ஐந்தே ஆண்டுகள் கழித்து எலிசபெத்தின் பொன்விழாவுக்காக அரண்மனைக்கு முன்னுள்ள மால் சாலையில் பத்து லட்சம் பேராகக் கூடியவர்களும் ஒரே நாட்டு மக்கள்தாம். அடிமைகளின் பக்தியாக இதை என்னால் பார்க்க முடியவில்லை. கணக்குக் கேட்கிற பற்று என்றுதான் சொல்வேன்.

2022 செப்டம்பரில், எலிசபெத்தின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, தேம்ஸ் கரையோரமாகச் சதர்க் பூங்கா வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு நீண்ட வரிசையை நான் பல மணிநேரம் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 2,50,000 பேர் கடந்து சென்றார்கள்; ஒரு கட்டத்தில் காத்திருப்பு நேரம் 24 மணிநேரத்தைத் தாண்டும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. எழுபது ஆண்டுகள் நாணயத்திலும் தபால் தலையிலும் இருந்த முகம் அது. தம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் பார்த்த அதே முகத்துக்கு விடைகொடுக்கும்போது, அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த மக்கள் அழுதார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கண்ணீர் அடுத்த மன்னருக்குத் தானாக உரிமையாகிவிடாது. 29 விழுக்காடு என்ற எண் எட்டே மாதங்களில் அதைத்தான் காட்டியது.

எனக்கு உண்மையான சினம் வருகிற இடம் ஒன்று உண்டு. மக்கள் வந்து கூடுவதை, மக்கள் ஒப்புக்கொண்டதாக அரசு எழுதிக்கொள்கிறது. 2023-இல் வீட்டில் இருந்தபடியே மன்னருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் உறுதிமொழி கூறும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள முதலில் திட்டமிட்டார்கள்; எதிர்ப்பு எழுந்ததும் விருப்பமுள்ளோருக்கான அழைப்பாக அதன் சொற்களைத் தணித்தார்கள். போராட்டங்களைக் கட்டுப்படுத்தும் புதிய பொது ஒழுங்குச் சட்டம், முடிசூட்டுக்கு நான்கு நாட்கள் முன்பு, மே 2 அன்று, ஒப்புதல் பெற்றது. மே 6 காலையில், "என் மன்னர் அல்லர்" என்ற பதாகைகளோடு வந்த, முடியாட்சியை எதிர்க்கும் ரிபப்ளிக் அமைப்பின் தலைவர் கிரஹாம் ஸ்மித் உள்ளிட்டோர் போராட்டம் தொடங்கும் முன்பே கைதுசெய்யப்பட்டனர். அவரைப் பல மணிநேரம் காவலில் வைத்திருந்துவிட்டு, குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவித்தார்கள். காவல்துறை பின்னர் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் தெரிவிப்பதால் அந்தக் காலை அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது. தன்னைப் பிடிக்காதவர்களும் நிற்பதற்கு இடமுள்ள சாலையில் ஊர்வலம் போக ஒரு மன்னரால் முடியவில்லை என்றால், அதை தேசத்தின் விழா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உங்கள் மகள் வீட்டுக்குள் இருந்ததும் அந்த நாளில் சொல்லப்பட்ட ஒரு பதிலே, அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். 1849-இல் லாகூர் உடன்படிக்கையின்படி பஞ்சாபின் அரசனாயிருந்த பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து எடுக்கப்பட்ட கோகினூர் வைரம், 2023-இல் மன்னரின் மனைவி கமிலா சூடிய கிரீடத்தில் இடம்பெறவில்லை. உங்கள் மகளைப் போன்றவர்களின் கேள்வி அரண்மனைக்குள் எட்டியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இந்த இரட்டை நிலை தமிழர்களுக்கும் புதிதன்று என்று அவரிடம் சொல்லுங்கள். 1906-இல் இந்தியாவுக்கு வந்திருந்த வேல்ஸ் இளவரசருக்கு நல்வரவு கூறிச் சுதேசமித்திரனில் கவிதை எழுதியவர் பாரதியார். அதே இளவரசர் ஐந்தாம் ஜார்ஜாக 1911 ஜூன் 22 அன்று முடிசூடுவதற்கு ஐந்து நாட்கள் முன்பு, மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் இருந்த கடிதம் அந்த முடிசூட்டைக் கண்டித்தது. பாரதியாரின் கவிதைக்கும் வாஞ்சியின் கடிதத்துக்கும் இடையே ஓடியவை ஐந்தரை ஆண்டுகள்கூட இல்லை. இந்த இரண்டில் எதையும் மறைக்காமல் உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

அடுத்த அரச விழாவின்போது அவர் பதாகையோடு ட்ரஃபால்கர் சதுக்கத்துக்குப் போக விரும்பினால், போகவிடுங்கள். முடிந்தால் ரயில் நிலையம் வரை கூடச் சென்று வழியனுப்புங்கள். பதாகையைப் பிடிக்க நல்ல கழி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு ரயில்வேக்காரரிடம் கேளுங்கள், அவர் மறுக்க மாட்டார். மகள் திரும்பி வந்ததும் சாப்பிடுவதற்கு மேசையில் ஒரு தட்டை எடுத்து வைத்திருங்கள்.