உயிரை வாங்கும் ஒரு ஸ்லாஷ்

கேள்வி: யூசர், ஆர்டர், பேமெண்ட் என்று மூன்று மைக்ரோசர்வீஸ்கள் (தனித்தனியாக ஓடும் சிறு புரோகிராம்கள்) ஒரே சர்வரில் 3001, 3002, 3003 போர்ட்களில் ஓடுகின்றன. முன்னால் என்ஜின்எக்ஸை (கோரிக்கைகளை வாங்கி உரிய சர்வீஸுக்கு அனுப்பும் ப்ராக்ஸி) வைத்து எல்லாவற்றையும் ஒரே முகவரிக்குள் கொண்டுவந்தேன். மற்ற இரண்டும் ஒழுங்காக வருகின்றன, ஆர்டர் மட்டும் 404 (கேட்ட பாதை இல்லை) என்கிறது. நேரடியாக 3002-ஐ அழைத்தால் பதில் வருகிறது. எங்கே தவறு?

பதில்: அந்த 404-ஐச் சொல்வது யார் என்று முதலில் பாருங்கள். ஆர்டர் சர்வீஸ் படுத்திருந்தால் 502 (பின்னாலிருக்கும் சர்வீஸ் சரியான பதில் தரவில்லை) வந்திருக்கும், அதனால் அது உயிரோடுதான் இருக்கிறது. அதன் லாகை (கோரிக்கைகள் பதிவாகும் ஃபைல்) திறந்துவைத்துக்கொண்டு ஒருமுறை அழையுங்கள். ஒரு வரியும் விழவில்லையா? கோரிக்கை என்ஜின்எக்ஸையே தாண்டவில்லை. என்ஜின்எக்ஸ் அமைப்பு ஃபைலில், எந்தப் பாதைக்கு என்ன செய்வது என்று சொல்லும் லொக்கேஷன் வரியில் எழுத்துப்பிழை தேடுங்கள். வரி விழுந்தால், வந்த பாதை என்ன என்று படியுங்கள். '/ஆர்டர்/லிஸ்ட்' என்று இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் சர்வீஸுக்குத் தெரிந்ததோ வெறும் '/லிஸ்ட்'.

கோரிக்கையை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரியில் 3002-க்குப் பின்னால் ஸ்லாஷ் இல்லையென்றால் என்ஜின்எக்ஸ் வந்த பாதையை அப்படியே தள்ளிவிடும். ஸ்லாஷ் இருந்தால், லொக்கேஷனோடு பொருந்திய பகுதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஸ்லாஷை வைத்து அனுப்பும். லொக்கேஷனின் கடைசியிலும் ஸ்லாஷ் போடுங்கள். அங்கே விட்டுவிட்டு இங்கே மட்டும் போட்டால் '//லிஸ்ட்' என்று போய் மறுபடியும் 404 வரலாம். இதற்கு நான் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். அதில் பாதி நேரம் ஃபைலைத் திருத்திவிட்டு என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாமலேயே சோதித்துக்கொண்டிருந்தேன் என்பது தனி அசிங்கம்.

என்னைக் கேட்டால் வெட்டவே வேண்டாம். சர்வீஸே தன் பாதைகளை '/ஆர்டர்' என்று தொடங்கட்டும். ப்ராக்ஸி லாகிலும் சர்வீஸ் லாகிலும் ஒரே பாதை இருந்தால் தேடுவது எளிது. சர்வீஸ் ரீடைரக்ட் கொடுக்கும்போதும் பாதை தொலையாது.

நீங்கள் கேட்காத ஒன்று: யூசர் சர்வீஸில் லாகின் இருக்கிறதா? ப்ராக்ஸி வந்தபிறகு அதன் கண்ணுக்கு எல்லாரும் 127.0.0.1-இலிருந்துதான் (அதே சர்வரின் உள்முகவரி) வருவார்கள். நான் ஒருமுறை, ஐந்து முறை பாஸ்வேர்டு தப்பினால் அந்த ஐபியைப் பூட்டு என்று எழுதிவைத்திருந்தேன். யாரோ ஒருவர் தன் பாஸ்வேர்டை மறந்தார். மொத்தப் பேரும் வெளியே நின்றார்கள். உண்மையான ஐபியை எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் (கோரிக்கையோடு போகும் குறிப்பு) அனுப்பும்படி என்ஜின்எக்ஸிடம் சொல்லுங்கள். ஆனால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாகவும் எழுதி அனுப்பலாம். அதனால் சர்வீஸ், என்ஜின்எக்ஸ் கடைசியாகச் சேர்த்த ஐபியை மட்டும் நம்பட்டும். மூன்று போர்ட்களும் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுக்கட்டும். வெளியே திறந்து வைத்தால் ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே வருவார்கள்.

கேள்வி: ப்ராக்ஸி வழியாக 3 எம்பி படம் ஏற்றினால் 413 (அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரியது) வருகிறது. சர்வீஸில் 10 எம்பி வரை அனுமதி கொடுத்திருக்கிறேனே?

பதில்: சர்வீஸ் அனுமதித்து என்ன, வாசலில் நிற்பவர் விடவில்லையே! என்ஜின்எக்ஸ் தானாக வைத்திருக்கும் வரம்பு 1 எம்பிதான். கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற அமைப்பை, படம் ஏற்றும் அந்த லொக்கேஷனுக்குள் மட்டும் 10 எம்பி ஆக்குங்கள். இந்தமுறை ரீலோட் செய்ய மறக்காதீர்கள்.