‘1000 வாட்ஸ்’ விளக்கும் இரண்டாம் கட்டு அறையும்

கேள்வி: பள்ளத்தூரில் பழைய வீடு. நானும் கணவரும் மட்டும்தான் இருக்கிறோம். இரண்டாம் கட்டில் சும்மா கிடக்கும் அறையில் நாலடிக்கு இரண்டடி ராக் போட்டு லெட்டூஸ், கீரை, கொத்தமல்லி வளர்க்க ஆசை. ஜன்னல் சின்னது, வெளிச்சம் போதாது. இணையத்தில் ‘1000 வாட்ஸ்’ க்ரோ லைட் (செடி வளர்க்கும் விளக்கு) 2,400 ரூபாய்க்கு வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், ‘சாம்சங் சிப் போட்ட 100 வாட்ஸ் போர்டுதான் நல்லது’ என்கிறான். அது 9,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கு வாட்ஸுக்கு நாலு மடங்கு விலையா? எதை வாங்குவது?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, முதலில் அந்த 1000-ஐ மறந்துவிடுங்கள். அது விளக்கு இழுக்கும் மின்சாரம் இல்லை. ‘பழைய மாடல் விளக்கு 1000 வாட்ஸுக்குச் சமம்’ என்று விற்பவர் தானே போட்டுக்கொள்ளும் கணக்கு. நானும் ஒருமுறை ‘600 வாட்ஸ்’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வாட் மீட்டரில் சொருகினால் 65-ஐத் தாண்டவில்லை. வாட் மீட்டர் இல்லாதவர்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விளக்கை மட்டும் ஒரு மணி நேரம் எரியவிட்டு ஈபி மீட்டரைப் பார்க்கலாம். 0.1 யூனிட் ஓடினால் அது 100 வாட்ஸ் விளக்கு.

மகன் சொல்வது சரிதான், பாதி அளவுக்கு. லூமன் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்குக் கணக்கு வேறு: ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் வெளியே வருகிறது என்பது. (மைக்ரோமோல் என்பது ஒளித்துகள்களை எண்ணும் அளவு.) வண்டிக்கு மைலேஜ் மாதிரி. சிப் என்பது போர்டில் வரிசையாக ஒட்டியிருக்கும் குட்டி எல்இடி. சாம்சங்கின் எல்எம்301எச் சிப்புக்கு இந்த மைலேஜ் ஒரு ஜூலுக்கு 3.1 மைக்ரோமோல் வரை. ஆனால் அந்த 3.1, சிப்பில் 65 மில்லிஆம்பியர் மட்டும் ஓடும்போது, சூடேறாத நிலையில் அளந்தது. அதே சிப்பில் மூன்று மடங்கு கரண்ட்டைத் தள்ளினால் வெளிச்சம் கூடும், மைலேஜ் விழும், சூடு ஏறும், ஆயுளும் குறையும்.

அதனால் சிப் பெயரைக் கேட்ட கையோடு சிப்புகளையும் எண்ணச் சொல்லுங்கள். விளம்பரப் படத்தைப் பெரிதாக்கினாலே எண்ணிவிடலாம். உண்மையான வாட்ஸை எண்ணிக்கையால் வகுங்கள். 100 வாட்ஸ் போர்டில் 400, 500 சிப் இருந்தால் ஒன்றுக்கு 0.25, 0.2 வாட் வரும். நிதானமாக ஓடுகிறது என்று அர்த்தம். 200 சிப்தான் என்றால் 0.5 வாட், நல்ல சிப்பை வாங்கி மாடாக உழைக்க விட்டிருக்கிறார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. ‘சாம்சங் சிப்’ என்று மட்டும் போட்டு, உள்ளே விலை குறைந்த எல்எம்281பி பிளஸ் இருக்கும். பெயரில் பொய்யில்லை, ரகம்தான் வேறு. ரகத்தின் முழுப் பெயரையும், முழு விளக்குக்கும் சேர்த்து ஒரு ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். டிரைவரிலும் (சிப்புகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) சூட்டிலும் போவதைக் கழித்தால் 2.5 கிடைப்பதே நல்ல விளக்கு. முழு விளக்குக்கும் 3.1 என்று சொன்னால், சிப்பின் விவரத்தாளைப் பார்த்துப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ராக்குக்கு வருவோம். எட்டுச் சதுர அடி, அதாவது முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லெட்டூஸுக்குச் சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல், தினமும் 16 மணி நேரம் போதும். ஓரத்தில் சிந்துவதையும் சேர்த்தால் விளக்கிலிருந்து சுமார் 185 மைக்ரோமோல் வரவேண்டும். 2.5 மைலேஜ் போர்டில் இதற்கு 74 வாட்ஸ் ஆகும். பலசரக்குக் கடையில் எரிகிற சாதாரண 20 வாட்ஸ் எல்இடி டியூப் இருக்கிறதே, வாட்டுக்கு 100 லூமன் தருவது, அதன் மைலேஜ் ஏறக்குறைய 1.5. ஆறு டியூப், 120 வாட்ஸ். செடி வளர்வதற்கு வெள்ளை டியூபே போதும் என்பதை விற்பவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள்.

வித்தியாசம் 46 வாட்ஸ். 16 மணி நேரம், 60 நாள் என்றால் ஒரு பில்லுக்குச் சுமார் 44 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 350 ரூபாய், வருடத்துக்கு 2,100. டியூப் ஒன்று 250 ரூபாய் என்றாலும் ஆறுக்கு 1,500 தான். போர்டுக்குக் கூடுதலாகப் போடும் 7,500 ரூபாய் திரும்ப மூன்றரை வருடம் ஆகும், அதுவும் வருடம் முழுக்க எரித்தால். நம்மூர் சித்திரை, வைகாசிச் சூட்டில் லெட்டூஸ் பூத்தண்டு விட்டுக் கசந்துபோகும், கொத்தமல்லியும் அப்படித்தான். ஐப்பசியிலிருந்து மாசி வரை மட்டும்தான் எரிப்பீர்கள் என்றால் போர்டு கட்டுப்படியாகாது. இந்தப் பருவத்துக்கு டியூபில் தொடங்குங்கள். அடுத்த ஐப்பசியிலும் ஆசை தீராமல் இன்னும் இரண்டு தட்டு ஏற்றினால் போர்டு வாங்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. வளவில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் செடி வைக்கும் உயரத்தில் போனை வைத்து லக்ஸ் ஆப்பில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் 10,000 லக்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 185 மைக்ரோமோல். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்து இழைத்த அந்த வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது இனாம். விளக்கைப் போலப் பகல் 16 மணி நேரம் நிற்காது, அதனால் காலை முதல் மாலை வரை பெரும்பாலும் அந்த அளவைப் போல ஒன்றரை மடங்கு நின்றால் விளக்கே வேண்டாம், ராக்கை அங்கே நகர்த்துங்கள். இரண்டாம் கட்டில்தான் வைப்பது என்றால், பழைய வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் தெளிக்கும் இடம்.

கேள்வி: ஊதா வெளிச்சம் தரும் விளக்குதான் செடிக்கு உகந்தது என்கிறார் கடைக்காரர். உண்மையா?
— காரைக்குடி வாசகர்

பதில்: சிவப்பும் நீலமும் சேர்ந்த வெளிச்சத்தில் செடி வளரும், பொய்யில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி இருக்கிறதா என்று எதுவும் தெரியாது. இரவில் வீடே நாடகக் கொட்டகை மாதிரி இருக்கும். வெள்ளைச் சிப்புகளோடு 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்புச் சிப் கொஞ்சம் கலந்த போர்டு வாங்குங்கள்.

கேள்வி: 150 வாட்ஸ் என்று சொல்லி இணையத்தில் வாங்கிய விளக்கு 48 வாட்ஸ்தான் இழுக்கிறது. விற்றவர் வேறு மாநிலம். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?
— தேவகோட்டை வாசகர்

பதில்: வாட் மீட்டரில் எண் தெரியும்படி வீடியோ எடுங்கள். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். டிரைவரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ எனத் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் படமெடுங்கள். முதலில் விற்ற தளத்தில் எழுத்தில் புகார், பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விற்றவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் சிவகங்கை மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடக் கெடு இருக்கிறது, ஆனால் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.