பாசி பிடித்த அஸ்பெஸ்டஸ் கூரை: கழுவலாமா, கழற்றலாமா?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் பழைய வீடொன்றில் வசிக்கிறோம். கூரை முழுவதும் அஸ்பெஸ்டஸ் தகடு. பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. சமையலறைக்கு மேலே இரண்டு தகடுகள் வெடித்து ஒழுகுகின்றன. வேகமாக நீர் பாய்ச்சும் இயந்திரத்தால் கூரையைக் கழுவி வர்ணம் பூசலாம், வெடித்தவற்றை வெட்டி எடுத்துத் துண்டுகளை முற்றத்துப் பள்ளத்தில் போட்டு நிரவலாம் என்கிறார் மேசன். மகனுக்கு மூச்சிழுப்பு உண்டு. அவர் சொல்வதுபோல் செய்யலாமா?

பதில்: வர்ணம் பூசுவதைத் தவிர வேறு எதற்கும் சம்மதிக்காதீர்கள் அம்மா.

தலைக்கு மேல் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதே என்று இன்றிரவே வீட்டைவிட்டுப் போகத் தேவையில்லை. இத்தகைய தகட்டில் எடைக்குப் பத்தில் ஒரு பங்கு அளவே அஸ்பெஸ்டஸ் நார், மிச்சம் சீமெந்து. தகடு முழுதாக இருக்கும்வரை நாரைச் சீமெந்து பிடித்து வைத்திருக்கும். வெட்டும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் சுரண்டும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் போனது கரைவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகுவது, நுரையீரல் புற்று, நுரையீரலை மூடிய சவ்வில் வரும் மீசோதெலியோமா என்ற புற்று ஆகியவை பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றின் அபாயம் பல மடங்கு. மகனின் மூச்சிழுப்புக்குக் கூரையின் அஸ்பெஸ்டஸ் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வேலை நடக்கும் நாளில் அவனை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

“நீல அஸ்பெஸ்டஸ்தான் விஷம், வெள்ளை பரவாயில்லை” என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. நம்பாதீர்கள். வெள்ளை உட்பட எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலங்கையில் வெள்ளை வகையையும் 2018 முதல் தடைசெய்ய அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் நமது தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா கொள்வனவை நிறுத்தியது, அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் வருவதும் அங்கிருந்துதான், அந்த நெருக்கடியில் தடை பின்வாங்கப்பட்டது.

இனி மேசனின் யோசனைகளுக்கு வருவோம். அழுத்தமாகப் பாயும் நீர் பாசியோடு, வெயிலிலும் மழையிலும் நைந்த மேல் சீமெந்தையும் உரித்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய கொட்டாஞ்சேனை வீடுகளில் அந்தச் சேறு பக்கத்து வீட்டு முற்றத்திலும் தெறிக்கும், காய்ந்ததும் தூசியாகும். பாசியால் தகட்டுக்கு உடனடிக் கேடு எதுவுமில்லை. அசிங்கமாகத் தெரிகிறது என்றால் பாசி நாசினியை மென்மையாகத் தெளித்து, அது தானே கருகி மழையில் கழுவுண்டு போக விடுங்கள். தேய்க்காமல், தெளிகருவியால் வர்ணம் அடிக்கலாம். ஒன்று: பழைய தகடு ஆள் பாரம் தாங்காது. குறுக்கே பலகை போடாமல் எவரையும் மேலே ஏற விடாதீர்கள். நாரைவிட விரைவாக ஆளைக் கொல்வது விழுகைதான்.

வெடித்த இரண்டையும் மாற்றத்தான் வேண்டும். இங்கே தகராறு செய்வது போல்ட். கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிய தலையை மேசன் சுத்தியலால் தட்டுவார், அல்லது கிரைண்டரை வைப்பார். இரண்டிலும் துளையைச் சுற்றித் தகடு பொடியும். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகள் கலந்த நீரைத் தெளிகருவியால் அடித்துத் தகட்டை நன்றாக நனைத்த பிறகு, போல்டைக் கழற்றுங்கள். அசையாவிட்டால் போல்ட் வெட்டும் கத்தரியால் துண்டியுங்கள். அக்கம்பக்கத் தகடுகளின் போல்ட்களையும் தளர்த்தினால்தான் நடுவில் இருப்பது முழுதாக வரும். உரசி இழுக்காமல் தூக்கி எடுத்து, கைமாற்றிக் கீழே இறக்க வேண்டும். மேலிருந்து போட்டு உடைத்தால் நனைத்ததெல்லாம் வீண்.

வேலை செய்பவர் அணிய வேண்டியது மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி3 (P3) அல்லது பி100 (P100) தர வடிகட்டி பொருத்திய ரப்பர் முகக்கவசம். துணிக்கவசமும் சத்திரசிகிச்சைக் கவசமும் பயன்படா. தாடி இருந்தால் கவசம் முகத்தோடு ஒட்டாது, மழிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை அணிந்து எறியும் மேலங்கி அவசியம். தொழிலாளரின் உடுப்பைத் துவைத்த மனைவியருக்கே மீசோதெலியோமா வந்த வரலாறு உண்டு. சமையலறைப் பாத்திரங்களை முன்கூட்டியே அகற்றி, தரையில் பொலித்தீன் விரியுங்கள். முடிந்ததும் ஈரத் துணியால் துடையுங்கள். விளக்குமாறும் வீட்டுத் தூசி உறிஞ்சியும் வேண்டாம்.

முற்றத்துப் பள்ளத்தில் போடும் யோசனைதான் எனக்கு மிகவும் கோபமூட்டியது. நார் மக்காது. பத்து வருடம் கழித்து நீர்க்குழாய்க்காக மண்வெட்டி பிடிப்பவன் அதை மறுபடி உடைப்பான். கழற்றிய தகடுகளையும் துடைத்த துணிகளையும் 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, “அஸ்பெஸ்டஸ்” என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள். வீட்டுக் குப்பை வண்டியில் ஏற்றக் கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று மாநகர சபையிடமும் பத்தரமுல்லையில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் வேலை தொடங்குமுன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் வரும்வரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் கட்டிச் சமாளிக்கலாம்.

புதிதாகப் போடுவதற்கு அதே வளைவுள்ள, அஸ்பெஸ்டஸ் கலக்காத நார்ச் சீமெந்துத் தகடு தேடுங்கள். ரசீதிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். உலோகத் தகட்டின் வளைவு பொருந்தாவிட்டால் விளிம்பில் மறுபடி ஒழுகும். மே மாத மழைக்கு முன் முடிப்பது நல்லது. கிரைண்டர் இல்லாமல் முடியாது என்று மேசன் அடம்பிடித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.